இரவு இரண்டு மணிக்கும் எடுக்கப்படும் தொலைபேசி: இங்கிலாந்தின் குழந்தைகள் நீரிழிவுப் பிரிவு பற்றி ஒரு தகப்பனின் மதிப்புரை

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையோடு இங்கிலாந்து வர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, தோலில் ஒட்டிச் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரைப் பற்றியும், ஊசிக்குப் பதிலாக இன்சுலின் செலுத்தும் பம்ப்பைப் பற்றியும்தான். இலவசமா, எவ்வளவு நாளில் கிடைக்கும், எந்த கம்பெனி? எனக்குத் தெரிந்தவரை கீழே சொல்கிறேன். ஆனால் இந்தச் சேவைக்கு நான் மதிப்பெண் போடுவதாக இருந்தால் கருவிகளுக்குப் பாதிதான் தருவேன். மீதி முழுவதும், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் நாங்கள் ஒட்டி வைத்திருக்கும் ஒரு தொலைபேசி எண்ணுக்கும், அதன் மறுமுனையில் இருக்கும் மனிதர்களுக்கும்.

எங்கள் கதை சுருக்கமாக. சொந்த ஊர் திருநெல்வேலி. மகளுக்கு நான்கு வயதில் சர்க்கரை வந்தது. மனைவி ஸ்டாஃப் நர்ஸ். அவளுக்கு இங்கே மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தபோது மகளுக்கு ஆறு வயது. வீட்டையும் மகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன். இடையில் கணக்கு எழுதும் வேலையும் செய்கிறேன். மகளுக்கு வைத்தியம் நடக்கும் மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. நான் மதிப்பிடுவது அந்த ஒரு கட்டடத்தை அல்ல, என்.ஹெச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவை குழந்தைகளுக்கு வைத்திருக்கும் ஏற்பாட்டை.

முதலில் பணம். மனைவி வந்தது சுகாதாரப் பணியாளர் விசாவில் என்பதால் எங்களுக்கு மருத்துவக் கூடுதல் கட்டணம் கிடையாது. மற்ற பெரும்பாலான வேலை விசாக்களுக்கு 2024 பிப்ரவரி முதல் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டும், 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 776 பவுண்டும், விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். தொகை பெரியதுதான். ஆனால் கட்டியபின், ஏற்கெனவே இருக்கும் நோய் என்று யாரும் கேள்வி கேட்பதில்லை, கூடுதலாக ஒரு பவுண்டும் கேட்பதில்லை. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு மருந்துச் சீட்டில் எழுதப்படும் எல்லாமே இலவசம். இன்சுலின், ஊசி முனை, ஸ்ட்ரிப், சென்சார் எதற்கும் பில் வராது. ஊரில் 14 நாள் சென்சார் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் கொடுத்து, காய்ச்சல் நாட்களிலும் கல்யாண வீட்டுக்குப் போகும் நாட்களிலும் மட்டும் ஒட்டுவோம். இங்கே 2022-லிருந்து, முதல் வகை நீரிழிவு உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் தொடர் சென்சார் தர வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. மகளின் கையில் சென்சார் இல்லாத நாளே இப்போது இல்லை. மனைவி வார்டில் இருந்தபடி இடைவேளையில் தன் கைபேசியில் மகளின் அளவைப் பார்த்துக்கொள்கிறாள்.

வேலை வாய்ப்பு இரண்டு மூன்று ஊர்களில் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள ஒவ்வொரு குழந்தைகள் நீரிழிவுப் பிரிவும் எப்படிச் செயல்படுகிறது என்று தேசியத் தணிக்கை அறிக்கை ஒன்று வெளிவருகிறது. குழந்தை மருத்துவர்களின் ராயல் கல்லூரி வெளியிடுகிறது. எந்தப் பிரிவில் குழந்தைகளின் ஹெச்.பி.ஏ.1சி (கடந்த சில மாதச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரி எவ்வளவு, எத்தனை சதவீதம் குழந்தைகள் பம்ப்பில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் பொதுவெளியிலேயே கிடைக்கிறது. சம்பளத்தில் நூறு பவுண்டு கூடுகிறதா என்று பார்ப்பதற்கு முன் நாங்கள் அதைத்தான் பார்த்தோம். ஊரைத் தேர்ந்தெடுத்ததும், விமானம் ஏறுவதற்கு முன்பே அந்தப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, மகளின் மருந்து அளவுகள், எடை, கடைசிப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் தந்தோம். செவிலியர் ஒருவர் பதில் எழுதினார். ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு முடிந்ததும் பரிந்துரைக் கடிதம் வரட்டும், அதற்குள் ஏதாவது ஆனால் இந்த எண்ணில் அழையுங்கள் என்று எழுதியிருந்தார். அந்த எண்தான் இன்றும் கதவில் இருக்கிறது.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மாதத்துக்கான மருந்தையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் இன்சுலின் உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலின் வீண். இரண்டு கைப்பைகளில் பிரித்து வையுங்கள். மருத்துவர் கடிதம் கையில் இருக்கட்டும். சோதனை வாயிலில் சென்சார் ஒட்டியிருப்பதைச் சொல்லிவிடுங்கள். குளிர்ச்சிக்கு ஃப்ரியோ பை வாங்கினோம். தண்ணீரில் ஊற வைத்தால் உள்ளிருக்கும் மணிகள் கூழாகி, ஈரம் ஆவியாக ஆவியாகக் குளிர்ச்சி தரும். நம் மண்பானை செய்யும் அதே வேலை. அதனால் காற்றுப் படும்படி வைக்க வேண்டும், பிளாஸ்டிக் உறைக்குள் திணிக்கக் கூடாது. திருநெல்வேலியிலிருந்து சென்னை வரை வெயிலில் வந்த காரிலும் அது நன்றாக வேலை செய்தது. நேர மாற்றத்துக்கு நீண்ட நேர இன்சுலினை எப்படி நகர்த்துவது என்பதை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். வானத்தில் வைத்து யோசிக்க வேண்டிய கணக்கு அல்ல அது.

வந்து இறங்கியதும் வந்த ஒரே பெரிய எரிச்சல் ஜி.பி. பதிவு. நாங்கள் முதலில் போன இடத்தின் வரவேற்பு மேசையில், வீட்டு முகவரிக்கான ரசீது இல்லாமல் பதிய முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அப்போது வாடகை வீடே எங்களுக்கு முடிவாகவில்லை. உண்மையில் முகவரிச் சான்றோ அடையாளச் சான்றோ இல்லை என்பதற்காகப் பதிவை மறுக்கக் கூடாது, என்.ஹெச்.எஸ். இணையதளத்திலேயே அது எழுதியிருக்கிறது. நீரிழிவுப் பிரிவுச் செவிலியரிடம் போனில் சொன்னேன். அவரே வேறொரு ஜி.பி.யிடம் பேசி, அன்று மாலையே பதிவு செய்ய வைத்தார். இது அவருடைய வேலையில் சேர்ந்ததுதானா என்று எனக்கு இன்றும் சந்தேகம். ஆனால் அந்தச் சேவையின் குணம் எனக்குப் பிடிபட்டது அன்றுதான்: குழந்தை அவர்கள் பட்டியலில் ஏறிவிட்டால், அந்தக் குழந்தையின் வழியில் நிற்கும் எதுவும் அவர்களுக்கும் தலைவலிதான்.

முதல் சந்திப்பில் அந்தச் செவிலியர் கேட்டது, "ஊரிலிருந்து கொண்டுவந்த எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்து வையுங்கள்" என்பது. இன்சுலின் போடும் பேனாக்கள், அவற்றுக்குள் வைக்கும் கார்ட்ரிட்ஜ்கள், மீட்டர், ஸ்ட்ரிப் டப்பாக்கள் என்று வரிசையாக எடுத்து வைத்தோம். பையின் அடியில், பேனா கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று வைத்திருந்த சிவப்பு மூடி சிரிஞ்சுகளும் இருந்தன. அவர் அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த 40 என்ற எண்ணை எங்களுக்குக் காட்டினார். நம் ஊரில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. இங்கே குப்பியானாலும் கார்ட்ரிட்ஜானாலும் குழந்தைகளுக்குத் தருவது ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. இங்குள்ள இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்து 4 யூனிட் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 யூனிட். இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. அவர் திட்டவில்லை, பதறவில்லை. "இவற்றை நான் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டு, மஞ்சள் நிறக் கழிவுப் பெட்டியில் போட்டு மூடினார். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்: சிவப்பு மூடி சிரிஞ்சோடு விமானம் ஏறாதீர்கள்.

அதே சந்திப்பில் அவர் எங்கள் கையில் தந்தவை: அரை அரை யூனிட்டாகத் திருகக்கூடிய இன்சுலின் பேனா, ரத்தத்தில் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் கழிவு) பார்க்கும் மீட்டர், சர்க்கரை மிகவும் இறங்கி மயங்கிவிட்டால் போடும் குளுக்ககான் ஊசி அடங்கிய ஆரஞ்சுப் பெட்டி. ஊரில் குளுக்ககானுக்காக நான் ஏறி இறங்காத மருந்துக் கடை இல்லை, கிடைக்கவே இல்லை. இங்கே வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. எடை 25 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்குப் பாதி அளவுதான் என்பதைப் பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதித் தந்தார்.

அளவு முறை மாறுவது முதலில் தலையைச் சுற்ற வைக்கும். நாம் மில்லிகிராமில் பேசுகிறோம், இவர்கள் மில்லிமோலில். 18 ஆல் வகுத்தால் போதும். நமது 180 இங்கே 10. நமது 70 இங்கே 3.9. இருக்க வேண்டிய அளவு சாப்பாட்டுக்கு முன் 4 முதல் 7, சாப்பிட்ட பின் 5 முதல் 9, நான்குக்குக் கீழே போனால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். சில வாரங்களில் மனம் பழகிவிடும். மகளுக்கு எங்களைவிட முன்னால் பழகிவிட்டது. பாட்டியிடம் வீடியோவில் பேசும்போது அவளே பதினெட்டால் பெருக்கச் சொல்லி என்னை ஏவுகிறாள்.

உணவியல் நிபுணரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்சுலின் அளவை முடிவு செய்ய மாவுச்சத்து எண்ணும் புத்தகத்தில் ரொட்டி, பாஸ்தா, உருளைக்கிழங்கு எல்லாம் படத்தோடு இருக்கின்றன. நாம் வீட்டில் ஊற்றும் இட்லிக்கு அதில் இடமில்லை. எங்கள் காலை உணவை மாற்றச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவரோ மாவு அரைக்கும் முறையைக் கேட்டார். 400 கிராம் இட்லி அரிசி, 100 கிராம் உளுந்து என்று சொன்னேன். பாக்கெட்டுகளின் பின்புறத்தைப் பார்த்து, அரிசியில் சுமார் 312, உளுந்தில் சுமார் 50, மொத்தம் 362 கிராம் மாவுச்சத்து என்று எழுதினார். அரைத்து முடித்த மாவின் எடை என்ன என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது; வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தேன், 1,200 கிராம். ஆக 100 கிராம் மாவில் 30 கிராம் மாவுச்சத்து. ஒரு குழிக்கு 40 கிராம் மாவு ஊற்றினால் ஓர் இட்லியில் 12. மகளுக்கு அந்த வேளையில் 20 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் இன்சுலின் என்றால் மூன்று இட்லிக்கு 36 கிராம், 1.8 யூனிட். பேனாவில் ஒன்றரையா இரண்டா என்பதைச் சாப்பாட்டுக்கு முன் இருக்கும் அளவைப் பார்த்து முடிவு செய்கிறோம். அடைக்கும் கொழுக்கட்டைக்கும் இதே வழிதான். இங்குள்ள பாக்கெட்டுகளில் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் தனித்தனியே போட்டிருப்பார்கள், நாரைக் கழிக்க வேண்டியதில்லை என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் சாப்பாட்டை ஒரு பிரச்சினையாக அவர் ஒருமுறைகூடப் பேசவில்லை. அதை ஒரு கணக்காக மட்டுமே பார்த்தார். அந்த மரியாதைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பள்ளியில் முதலில் சிக்கல் இருந்தது. மதிய ஊசி போட ஆள் இல்லை, பெற்றோரில் ஒருவர் தினமும் வந்து போட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். பள்ளிக்கு அது தெரியாத விஷயம், பயமும் இருந்திருக்கும். ஆனால் 2014-ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்தின் 100-வது பிரிவின்படி, நோயுள்ள மாணவருக்குத் தேவையான ஏற்பாட்டைச் செய்வது அரசுப் பள்ளியின் கடமை. நான் அந்தச் சட்டத்தைக் காட்டி வாதாட வேண்டிய தேவையே வரவில்லை. நீரிழிவுச் செவிலியர் பள்ளிக்கே வந்தார். குழந்தைகளின் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு உதவி ஆசிரியைகளுக்குப் பஞ்சுத் திண்டில் ஊசி போடப் பழக்கினார். ஒருவருக்குக் கை நடுங்கியது. நடுக்கம் நிற்கும்வரை பேசாமல் காத்திருந்துவிட்டு, மறுபடி போடச் சொன்னார். கடைசியில் எல்லாருமாக உட்கார்ந்து தனிநபர் பராமரிப்புத் திட்டம் ஒன்றை எழுதிக் கையெழுத்திட்டோம். எந்த அளவில் பழச்சாறு, விளையாட்டு நேரத்துக்கு முன் என்ன, யாரை அழைப்பது எல்லாம் அதில் இருக்கிறது. முதல் மூன்று வகுப்புகளுக்கு அரசுப் பள்ளிகளில் மதிய உணவு எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசம்; சமையல் நிறுவனத்திடமிருந்து ஒவ்வொரு பதார்த்தத்தின் மாவுச்சத்துப் பட்டியலும் வந்துவிடுகிறது. மகள் இப்போது தோழிகளோடு வரிசையில் நின்று தட்டு வாங்குகிறாள்.

இனி அந்த எண். மனைவிக்கு இரவுப் பணி. வீட்டில் நானும் மகளும்தான். நள்ளிரவுக்குப் பின் மகள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். சர்க்கரை 4.8, பார்த்தால் நல்ல அளவு. கீட்டோன் 1.6. சர்க்கரை சரியாக இருக்கும்போதும் கீட்டோன் ஏறலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: சாப்பிடாத உடம்பு கொழுப்பை எரிக்கிறது, அந்தக் கழிவு ரத்தத்தைப் புளிக்க வைக்கிறது. 1.5-ஐத் தாண்டினால் அழையுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். அழைத்தேன். மருத்துவமனை இணைப்பகத்திலிருந்து பணியில் இருந்த குழந்தை மருத்துவருக்கு இணைத்தார்கள். எடை என்ன, கடைசி ஊசி எப்போது, சிறுநீர் போகிறாளா, கூப்பிட்டால் பேசுகிறாளா என்று நிதானமாகக் கேட்டார். "வாந்தி என்பதற்காக இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள்" என்றார். சர்க்கரை போட்ட பானத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி கொடுக்கச் சொன்னார். எவ்வளவு இன்சுலின் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, திருப்பிப் படித்துக் காட்டினேன். வாய்க்குள் போவது எதுவும் தங்கவில்லை என்றாலோ, கீட்டோன் 3-ஐத் தொட்டாலோ யோசிக்காமல் கிளம்பி வந்துவிடுங்கள் என்றார். ஒரு மணி நேரம் கழித்து அழைக்கிறேன் என்று சொன்னவர், சொன்னபடியே அழைத்தார். விடியும்போது கீட்டோன் 0.4. மகள் ரசம் சாதம் கேட்டாள்.

ஊரில் எங்கள் மருத்துவரும் தங்கமான மனிதர். தம் சொந்தக் கைபேசி எண்ணையே தந்திருந்தார்; எந்த நேரத்திலும் எடுப்பார். ஆனால் அவர் வெளியூர் போயிருக்கும் நாட்களில் எங்களுக்குத் தூக்கம் வராது. அங்கே அந்த உதவி ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி இருந்தது. இங்கே பணி அட்டவணையில் இருக்கிறது. அன்று பேசியவரின் முகத்தை நான் பார்த்ததில்லை, அதன்பின் அவரோடு பேசவும் இல்லை. அடுத்த முறை அழைத்தால் வேறொருவர் எடுப்பார், அதே கேள்விகளைக் கேட்பார். முதல் மதிப்பெண்ணை நான் அந்த எண்ணுக்குத் தருவது இதனால்தான்.

குழுவில் உளவியலாளரும் உண்டு. முதல் சந்திப்பில் அவர் எங்களிடம் ஒன்றும் கேட்காமல் மகளோடு தரையில் உட்கார்ந்து படம் வரைந்தார். அம்மா வேலைக்குப் போவதே தன் மருந்துக்காகத்தான் என்று மகள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. எங்கிருந்து அந்த எண்ணம் வந்ததோ. 'சின்ன வயசுல மிட்டாய் தின்னுதான் வந்துச்சு' என்று அவள் காதுபடவே பேசிய சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர். இனிப்பு தின்றதால் வருவதல்ல இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் செல்களை அழிப்பதால் வருவது. இதை ஒரு வெள்ளைக் கோட்டுப் போடாத மனிதர், பொம்மைகளை வைத்து, ஆறு வயதுக் குழந்தைக்குப் புரியும்படி சொன்னார்.

குறைகளும் உண்டு. ஆண்டுக்கு நான்கு முறையாவது கிளினிக் உண்டு, ஆனால் எல்லாம் வேலை நாள் காலையில். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்குக் கஷ்டம். மாதாந்தர மருந்துக்கு நாங்கள் போய்வந்த ஒரு மருந்தகத்தில் எப்போதும் ஏதாவது ஒன்று பாக்கி இருக்கும். கடையை மாற்றியபின் நிம்மதி. இங்குள்ள குழந்தைகளுக்கு அரசு தரும் மாற்றுத்திறன் உதவித்தொகை, பொதுநிதி உரிமை இல்லாத விசாவில் இருக்கும் நமக்குக் கிடையாது. அதை நம்பிக் கணக்குப் போட்டு வந்துவிடாதீர்கள். மருத்துவ சேவை அந்தத் தடைக்குள் வராது.

தானே அளவைப் பார்த்துத் தானே இன்சுலின் செலுத்தும் பம்ப் முறை எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு என்று 2023 டிசம்பரில் ஒப்புதல் ஆனது. ஆனால் ஐந்தாண்டுகளில் படிப்படியாகத்தான். எங்கள் பிரிவில் வரிசை நீளம், கேட்டால் நேராக அதைச் சொல்லிவிடுகிறார்கள். அறிமுகக் கூட்டத்துக்குப் போய் வந்தோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான மென்பொருளோடு வேலை செய்யும் பம்ப்பையும், குழாயே இல்லாமல் தோலில் ஒட்டும் ஆம்னிபாடையும் மேசையில் வைத்து, குழந்தைகளைத் தொட்டுப் பார்க்க விட்டார்கள். மகள் குழாய் இல்லாததை எடுத்துத் தன் கரடிப் பொம்மையின் கையில் ஒட்டிப் பார்த்தாள். அவள் தேர்வு அதுதான். எங்கள் முறை வந்து, சில மாதம் அதோடு வாழ்ந்து பார்த்த பிறகு அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.